ஜெட் வெட்டுக்கு 15 தட்டு வடிகோபுரம்: எதற்கு உதவும், எங்கே காலை வாரும்

தாவர எண்ணெய், கழிவுக் கொழுப்பு, ஆல்கஹால், மரத்தூள் என எதில் தொடங்கினாலும் கடைசியில் கைக்கு வருவது நாப்தாவும் (பெட்ரோல் போன்ற இலேசான பகுதி) ஜெட்டும் (விமான எரிபொருள்) டீசலும் கலந்த ஒரு திரவம். அதிலிருந்து நீடித்த விமான எரிபொருளுக்கான பகுதியைப் பிரித்தெடுக்க ஆய்வகங்களும் முன்னோட்ட ஆலைகளும் பரவலாக வாங்குவது ஏஎஸ்டிஎம் டி2892 என்ற கச்சா எண்ணெய் வடிப்புச் சோதனை முறைக்கென்று செய்யப்பட்ட தானியங்கி வடிகோபுரத்தை. 10 லிட்டர் குடுவை, அதன் மேல் எஃகு வலை நிரப்பிய கோபுரம், தலையில் ரிஃப்ளக்ஸ் பிரிப்பான் (குளிர்ந்த திரவத்தில் ஒரு பங்கைக் கோபுரத்துக்கே திருப்பிவிட்டு மீதியை வெளியே எடுப்பது), குளிர்விப்பான், வெற்றிட பம்ப், வெட்டுகளை (ஒவ்வொரு கொதிநிலை இடைவெளியிலும் வடியும் பகுதிகளை) தானாக மாற்றும் சேகரிப்பான், எல்லாவற்றையும் ஓட்ட ஒரு மென்பொருள். இந்த மதிப்புரை எந்த ஒரு நிறுவனத்தின் மாடலையும் பற்றியதல்ல, இந்த வகையைப் பற்றியது. யார் செய்ததாக இருந்தாலும் நிறைகுறைகள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் இருக்கின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிரிக்கும் திறனுக்கு ஐந்துக்கு நாலரை தரலாம். அழுத்தம் அளப்பதற்கு மூன்று. பெட்டியைப் பிரித்தவுடன் இருக்கும் மென்பொருள் அமைப்புக்கு இரண்டுக்கு மேல் மனசு வரவில்லை. இது கச்சா எண்ணெய்க்காகப் பிறந்த கருவி. ஜெட் வேலைக்கு அதை நாம்தான் பழக்க வேண்டும்.

தட்டு என்பது ஆவியும் திரவமும் ஒருமுறை சமநிலைக்கு வரும் கற்பனைப் படி; எண்ணிக்கை கூடினால் பிரிப்பு கூர்மையாகும். 15 தட்டு என்று விலைப்பட்டியலில் இருப்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, சோதிப்பது எளிது. என்-ஹெப்டேனையும் மெத்தில்சைக்ளோஹெக்சேனையும் சம மோல் கலந்து குடுவையில் ஊற்றுங்கள். ஒன்று 98.4 டிகிரியில் கொதிக்கும், மற்றது 100.9-இல். எதையும் வெளியே எடுக்காமல் முழு ரிஃப்ளக்ஸில் நிலைக்கு வரும்வரை ஓட்டி, தலையிலிருந்தும் குடுவையிலிருந்தும் ஒரே சமயத்தில் சில மில்லிலிட்டர் எடுத்து ஒளிவிலகல் எண் பாருங்கள். இந்த இணையின் ஒப்பு ஆவியாகுதிறன் (ஒன்று மற்றதைவிட எத்தனை மடங்கு எளிதாக ஆவியாகிறது என்பது) ஏறக்குறைய 1.07. தட்டுகள் 15, குடுவை ஒன்று, ஆக 16 படி. 1.07-ஐ 16 முறை பெருக்கினால் 2.95. குடுவையில் பாதிக்குப் பாதி இருக்கும்போது தலையில் ஹெப்டேன் 75% அளவுக்கு வர வேண்டும். 71%-தான் வருகிறது என்றால் உங்களுக்குக் கிடைத்திருப்பது 12 தட்டு. ஹெப்டேனின் ஒளிவிலகல் எண் 1.388, மற்றதற்கு 1.423. ஆகவே இந்த நாலு சதவீத வித்தியாசம் மூன்றாம் தசம இடத்திலேயே தெரிந்துவிடும்.

தட்டு குறைவாக வந்தால் உடனே நிரப்பைக் குறை சொல்ல வேண்டாம். வலை முழுதாக நனையாமல் இருப்பதே பெரும்பாலும் காரணம். சூட்டைக் கூட்டிக் கோபுரத்தில் திரவம் தேங்கி எழும்பும் அளவுக்குக் கொண்டுபோய், குறைத்து, மறுபடி கூட்டுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் நனைந்துவிடும். தேங்குகிறதா என்பதைக் கண்ணால் பார்ப்பதைவிட கோபுரத்தின் மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசத்தில் பார்ப்பது சுலபம். எண் நிதானமாக ஏறிக்கொண்டிருந்துவிட்டு திடீரென்று துள்ளத் தொடங்கும். அடுத்த சந்தேகம் கோபுரத்தைச் சுற்றிய சூடேற்றும் உறை. அது ஆவியின் வெப்பநிலையைவிட 0 முதல் 5 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் கீழிறங்கும் திரவம் வழியிலேயே ஆவியாகித் தட்டுகள் செத்துப்போகும். ரொம்பக் குறைவாக இருந்தால் சுவரிலேயே ஆவி குளிர்ந்து, நீங்கள் 5-க்கு 1 (ஐந்து பங்கு திரும்ப, ஒரு பங்கு வெளியே) என்று வைத்த ரிஃப்ளக்ஸ் உள்ளே வேறொன்றாக ஓடும். இரண்டாவது பிழை திரையில் தெரியாது என்பதால் அதுதான் ஆபத்து.

இனி ஜெட். செயற்கை விமான எரிபொருளுக்கான டி7566 தரநிலையின்படி ஹெச்இஎஃப்ஏ (எண்ணெய், கொழுப்பை ஹைட்ரஜனேற்றிப் பெறுவது) வகை செயற்கைக் கூறுக்கு 10% வடிந்த வெப்பநிலை 205 டிகிரிக்கு மேல் போகக்கூடாது, இறுதிக் கொதிநிலை 300-க்குள், ஃபிளாஷ் பாயிண்ட் (ஆவி தீப்பற்றும் மிகக் குறைந்த வெப்பநிலை) 38-க்குக் குறையக்கூடாது, உறைநிலை மைனஸ் 40 அல்லது அதற்கும் கீழே, 15 டிகிரியில் அடர்த்தி கனமீட்டருக்கு 730 முதல் 772 கிலோ. 10 சதவீதம் வடியும் வெப்பநிலைக்கும் 90 சதவீதம் வடியும் வெப்பநிலைக்கும் இடையே குறைந்தது 22 டிகிரி பரவல் வேண்டும். முன்பக்க வெட்டை ஃபிளாஷ் பாயிண்ட் தீர்மானிக்கிறது, பின்பக்க வெட்டை உறைநிலை தீர்மானிக்கிறது. என்-நோனேனின் ஃபிளாஷ் பாயிண்ட் 31, என்-டெக்கேனுக்கு 46. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முன்வெட்டு ஆடும். பெரும்பாலும் 145-இலிருந்து 155 வரை.

வெட்டைச் சரியாக வைத்தும் ஃபிளாஷ் பாயிண்ட் தோற்கிறதா? வெப்பநிலையைத் தொடாதீர்கள், குழாயைப் பாருங்கள். பிரிப்பானுக்கும் சேகரிப்பானுக்கும் இடையிலான குழாயில் முந்தைய நாப்தா தங்கியிருக்கும். அதுதான் ஜெட் பாட்டிலின் முதல் சொட்டுகளாகப் போய் விழுகிறது. கொஞ்சம் நாப்தா கலந்தாலே ஃபிளாஷ் பாயிண்ட் சடாரென்று இறங்கும். ஒவ்வொரு வெட்டின் முதல் 15 அல்லது 20 மில்லிலிட்டரைத் தனிக் குப்பியில் கழுவலாக எடுத்து எடைக்கணக்கில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேகரிப்பான் மென்பொருளில் இதற்கு வசதி இல்லையென்றால் 'கழுவல்' என்று ஒரு போலி வெட்டை நிரலில் செருகினால் போதும்.

இந்த வகையின் மிகப் பெரிய எரிச்சல் 210 டிகிரியில் இருக்கிறது. வழக்கமான நிரலில் ஆவி 210-ஐத் தொடும்வரை வளிமண்டல அழுத்தத்தில் ஓடும். பிறகு சூட்டை நிறுத்தி, குடுவையைக் குளிரவைத்து, 100 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு மாறும். கச்சா எண்ணெய்க்கு இது எங்கே விழுந்தாலும் ஒன்றுதான். ஜெட்டுக்கோ நட்ட நடுவில் விழுகிறது. நிறுத்தும்போது கோபுரத்தில் தேங்கியிருந்தது குடுவைக்குள் இறங்கிக் கலந்துவிடும், மறுபடி நிலைக்கு வருவதற்குள் எடுத்த முதல் சில வெட்டுகள் மங்கலாக இருக்கும், கொதிநிலை வளைவில் ஒரு முடிச்சு விழும். அந்த முடிச்சைப் பார்த்துவிட்டு வினையூக்கியில் ஏதோ நடந்துவிட்டதாக அறிக்கை எழுதுகிறவர்களும் உண்டு.

மாற்று வழி எளியது. மாற்றத்தை 210-இல் செய்யாமல் முன்வெட்டிலேயே செய்யுங்கள். 145 அல்லது 150 வரை வளிமண்டலத்தில் நாப்தாவை எடுத்துவிட்டு, அங்கேயே நிறுத்தி 100 மி.மீ.க்கு இறங்குங்கள். அந்த அழுத்தத்தில் என்-நோனேன் 88 டிகிரி அளவில் கொதிக்கும் என்பதால் சாதாரண குளிர்நீரே அதைப் பிடித்துவிடும். முடிச்சு எப்படியும் விழும், ஆனால் வெட்டுக்கோட்டின் மேலேயே விழும். ஜெட் முழுவதும் ஒரே அழுத்தத்தில், இடைவெளியில்லாமல் வரும். டி2892 அறிக்கை தர வேண்டிய ஓட்டத்துக்கு இது செல்லாது. எரிபொருளை உருவாக்கும் வேலைக்கு இதுவே சரி.

அழுத்தம் அளப்பது அடுத்த பலவீனம். அளவியைப் பம்புக்குப் பக்கத்தில் வைத்து அனுப்புகிற அமைப்புகள் உண்டு. தலைக்கும் பம்புக்கும் இடையே குளிர்பொறி (ஆவியை உறையவைத்துப் பிடிப்பது) இருக்கும், அதில் ஐஸ் அடைத்தால் அளவி ஒன்று சொல்லும், தலையில் வேறொன்று இருக்கும். தலையிலேயே தனி இணைப்பு கேளுங்கள். பிரானி வகை (வாயுவின் வெப்பக்கடத்தலை வைத்து அளக்கும்) அளவியை ஏற்காதீர்கள், வாயுவுக்கு வாயு அதன் காட்டல் மாறும், ஹைட்ரோகார்பன் ஆவி படிந்து பொய்யும் சொல்லும். மின்தேக்குத்திறன் (கெப்பாசிட்டன்ஸ்) வகை அழுத்தமானிதான் இங்கே பொருந்தும். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், 10 மி.மீ.யில் ஓடும்போது அளவி 1 மி.மீ. தவறினால் 2 டிகிரிக்கு மேல் பிழை. அதே 1 மி.மீ. பிழை 100 மி.மீ.யில் கால் டிகிரிதான். ஜெட் வேலைக்கு 100 மி.மீ.யிலேயே இருங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கீழே இறங்கினால் வேறொரு கணக்கும் கெடும்: கோபுரத்தில் 5 மி.மீ. அழுத்த இழப்பு இருந்தால், தலையில் 10 வைத்தாலும் குடுவையில் 15. நீங்கள் நினைத்த அளவு குடுவைச் சூடு குறையாது.

மென்பொருளுக்கு இரண்டு மதிப்பெண்ணோடு நிறுத்தியதற்குக் காரணம், குறைந்த அழுத்தக் கொதிநிலையை வளிமண்டலத்துக்கு மாற்றும் சமன்பாடு. வாட்சன் காரணி (கொதிநிலையையும் அடர்த்தியையும் வைத்து, திரவம் எவ்வளவு பாரஃபின் தன்மையுடையது என்று காட்டும் எண்) 12 என்ற அனுமானத்தில்தான் அது வருகிறது. கச்சா எண்ணெய்க்குப் பரவாயில்லை. பாரஃபின் மட்டுமே உள்ள ஹெச்இஎஃப்ஏ எரிபொருளுக்குச் சராசரிக் கொதிநிலை 220, அடர்த்தி 0.757 என்று போட்டுப் பார்த்தால் காரணி 12.7 வரும். 100 மி.மீ.யில் இதனால் வரும் பிழை ஒரு டிகிரிக்குக் கீழே, 10 மி.மீ.யில் ஒன்றரை முதல் இரண்டு டிகிரி. திருத்தும் கட்டம் அமைப்புப் பக்கத்தில் எங்கோ ஒளிந்திருக்கும், தேடி மாற்றுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க சுத்தமான என்-ஹெக்ஸாடெக்கேனை மட்டும் குடுவையில் விட்டு ஓட்டுங்கள். எந்த அழுத்தத்திலும் திரை 286.8-ஐத்தான் காட்ட வேண்டும். 100-இல் சரியாகவும் 10-இல் பிசகாகவும் வந்தால் அளவியோ காரணியோ காரணம். இரண்டிலும் ஒரே அளவு பிசகினால் தலையிலுள்ள வெப்ப உணரியைப் பாருங்கள். அதன் நுனி நிரப்பின் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் மேலே, ஆவியில் நிற்க வேண்டும். குளிர்ந்து வழியும் திரவம் அதில் பட்டால் எப்போதும் குறைத்தே காட்டும்.

குளிர்விப்பானைப் பற்றிக் கையேடுகள் அதிகம் பேசுவதில்லை. கொழுப்பிலிருந்து வந்த திரவத்தில் ஆரம்பத்தில் புரோப்பேனும் பியூட்டேனும் கரைந்திருக்கும், அவற்றைப் பிடிக்க மைனஸ் 20 வேண்டும், பின்னால் உலர்பனிப் பொறியும் வேண்டும். கடைசியில் வருவதோ 18 டிகிரியில் உறையும் என்-ஹெக்ஸாடெக்கேனும் 28-இல் உறையும் என்-ஆக்டாடெக்கேனும். ஆரம்பத்தில் வைத்த குளிரை மாற்ற மறந்தால் குளிர்விப்பானுக்குள் மெழுகு கட்டிக்கொள்ளும். முதல் அறிகுறி, ரிஃப்ளக்ஸ் சொட்டு குறைவது. அடுத்தது, கீழே அழுத்தம் ஏறுவது. அதற்கடுத்ததைக் கண்ணாடிக் கோபுரத்தின் முன்னால் நின்று பார்க்க யாரும் விரும்பமாட்டார்கள். ஆவி வெப்பநிலை வளிமண்டலக் கணக்கில் 240-ஐத் தாண்டும்போது குளிர்நீர் தானாக 40-க்கு ஏறும்படி நிரலில் எழுதி வையுங்கள். பிரிப்பானின் வால்வு இருக்கையிலும் இதே மெழுகு ஒட்டும். அப்புறம் வால்வு மூடாமல் கசிந்து, 5-க்கு 1 என்பது 3-க்கு 1 ஆகிவிடும். எடை ஏறும் வேகத்தைச் சொட்டு நேரத்தோடு ஒப்பிட்டால் கண்டுபிடித்துவிடலாம்.

சின்ன விஷயம், ஆனால் பெரிய செலவு வைக்கும்: கண்ணாடி இணைப்புகளுக்கு வெற்றிட கிரீஸ் தடவாதீர்கள். ஹைட்ரோகார்பன் அதைக் கழுவி எடுத்துக்கொண்டு போகும், பிசின் அளவு ஏறும், வெப்ப நிலைப்புச் சோதனையும் சந்தேகத்துக்குள்ளாகும். டெஃப்லான் உறைகளைப் பயன்படுத்துங்கள். திரவம் படும் வால்வுகளில் பித்தளை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தாமிரம் கரைந்த ஜெட், டி3241 சூட்டுக்குழாய்ச் சோதனையில் கறுத்துப்போகும். செயற்கைக் கூறுக்கு அந்தச் சோதனை 325 டிகிரியில் நடக்கிறது, எந்த உலோகமும் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் உண்டு. வடித்தெடுத்த வெட்டில் ஆக்சிஜனேற்றத் தடுப்பியை அன்றே சேருங்கள், லிட்டருக்கு 17 முதல் 24 மில்லிகிராம். ஹைட்ரஜனேற்றிய எரிபொருள் பாட்டிலில் சும்மா இருந்தாலே பெராக்சைடு சேர்க்கும்.

'100 தட்டு வாங்கினால் உறைநிலை சரியாகிவிடுமா' என்று கேட்பவர்களுக்கு: ஆகாது. உறைநிலையைக் கெடுப்பது கிளையில்லாத நீள்சங்கிலி. என்-ஹெக்ஸாடெக்கேன் 287-இல் கொதிக்கிறது, அதைவிட ஒரு கார்பன் கூடுதலான, நன்றாகக் கிளைத்த மூலக்கூறுகளும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் கொதிக்கின்றன. கோபுரம் கொதிநிலையைத்தான் பார்க்கும், கிளையைப் பார்க்காது. ஐசோமராக்கம் (நேர்ச்சங்கிலியைக் கிளைக்கவைக்கும் வினை) விட்டுவைத்ததைக் கோபுரத்தால் பிடிக்க முடியாது. பின்வெட்டை 300-இலிருந்து 285, 275 என்று இறக்கித்தான் உறைநிலையை வாங்க வேண்டும், அதற்கு விளைச்சலால் விலை கொடுக்க வேண்டும். அந்த விலை எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்லிவிடுவதுதான் இந்தக் கருவியின் உண்மையான பயன். 260-இலிருந்து 5 டிகிரிக்கு ஒரு குறுவெட்டாக எடுத்து, எடைவிகிதத்தில் ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு சேர்க்கைக்கும் உறைநிலை எடுங்கள். எங்கே வளைவு செங்குத்தாகிறதோ அதற்கு ஒரு குறுவெட்டு முன்னால் நிறுத்துங்கள். ஒன்று கவனம்: இங்கே எடுத்த 300 வெட்டும் டி86 என்ற எளிய வடிப்புச் சோதனையில் வரும் 300-உம் ஒன்றல்ல. டி86 ஏறக்குறைய ஒரு தட்டுதான், அதன் இறுதிக் கொதிநிலை உண்மைக் கொதிநிலைக்குக் கீழேயே நிற்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்து வெட்டினால் நல்ல ஜெட்டை டீசலில் ஊற்றுகிறீர்கள்.

கூர்மை அதிகமானாலும் அடிவாங்கும் இடம், ஐசோபியூட்டனால் என்ற ஆல்கஹாலிலிருந்து செய்த ஜெட். அதில் பெரும்பகுதி 178 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் கிளைத்த சி12 (12 கார்பன் உள்ள மூலக்கூறு), மிச்சம் 240-ஐ ஒட்டிய சி16. உறைநிலைக் கவலையே இல்லாத இந்தத் திரவத்தில் 'சுத்தமாக' வெட்டுகிறேன் என்று சி16-ஐக் குறைத்தால் பரவல் படுத்துவிடும். வழக்கமான ஜெட்டோடு கலந்தபின் 10-க்கும் 90-க்கும் இடையே 40 டிகிரி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கலவை விகிதத்தையே கட்டிப்போடும்.

ஈரக்கழிவையும் பாசியையும் நீர்வெப்ப முறையில் திரவமாக்கி வந்த கச்சாவை இந்தக் கோபுரத்தில் நேரடியாக விடாதீர்கள். தண்ணீர் குதித்தெழும், ஆக்சிஜன் சேர்மங்கள் சூட்டில் ஒட்டிக்கொண்டு பிசினாகும், சாம்பல் குடுவையடியில் பொருக்குக் கட்டும். வலை நிரப்பு ஒருமுறை பிசின் குடித்துவிட்டால் கழுவி மீட்பது பாதி வேலைதான் ஆகும், தட்டுகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பாது. முதலில் ஹைட்ரஜனேற்றம், பிறகு வடிப்பு. அப்படியும் குடுவை 310 டிகிரியைத் தாண்டவிட வேண்டாம். ஆவி வெப்பநிலை காரணமில்லாமல் இறங்கி, வெற்றிடம் தள்ளாடி, தலையில் வெண்புகை தெரிந்தால் உள்ளே மூலக்கூறு உடைகிறது என்று பொருள்.

நேரக்கணக்கு இது: 6 லிட்டர் ஊற்றி 5 லிட்டர் வடிக்க, மணிக்கு 400 மில்லிலிட்டர் எடுத்தால் பன்னிரண்டரை மணி நேரம். குளிரவைப்பது, கழுவுவது எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு மாதிரிதான். ஒரு லிட்டர் மாடல் வேகமாக முடியும், ஆனால் சூட்டுக்குழாய்ச் சோதனை ஒன்றுக்கே நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர் வீதம் 150 நிமிடம், 450 மில்லிலிட்டர் ஓட வேண்டும். ஜெட் வெட்டில் அவ்வளவு மிஞ்சாது. சுழல்பட்டைக் கோபுரம் (நிரப்புக்குப் பதில் உள்ளே ஒரு பட்டை சுழலும் சிறிய கோபுரம்) வைத்திருப்பவர்கள் அதை விற்க வேண்டாம். உள்ளே தங்கும் திரவம் மிகக் குறைவு, அழுத்த இழப்பும் குறைவு, 200 மில்லிலிட்டர் மாதிரியை அழகாகப் பிரிக்கும். டெஃப்லான் பட்டை ஜெட்டின் பின்பகுதிச் சூட்டுக்கு ஆகாது, உலோகப் பட்டையாகக் கேளுங்கள்.

ஆலை வடிவமைப்புக்கு இதன் எண்களை அப்படியே தூக்கிக் கொடுக்கவும் முடியாது. எந்த வெட்டு எவ்வளவு தரும் என்பதை இது சொல்லும், எவ்வளவு ஆற்றல் பிடிக்கும் என்பதைச் சொல்லாது. நாப்தா, ஜெட், டீசல் என்ற மூன்று பிரிப்புக்கு நடுச்சுவர் கோபுரம் (உள்ளே ஒரு சுவர் வைத்து ஒரே கோபுரத்தில் மூன்றாகப் பிரிப்பது) வழக்கமான இரட்டைக் கோபுரத்தைவிட 30% அளவுக்கு ஆற்றலை மிச்சப்படுத்தக்கூடியது. அதைத் தொகுதி முறையில் ஓடும் இந்தக் கருவியில் போலி செய்து பார்க்க வழியில்லை. ஆலையில் ஜெட்டுக்குள் நீராவி செலுத்தி இலேசான பகுதியை வெளியேற்றினால் பின்னால் உலர்த்தியும் வேண்டும் என்பதும் ஆய்வகப் பாட்டிலில் தெரியாது.

வாங்கும்போது கடைசியாக ஒன்று. ஓட்டம் முடிந்ததும் குடுவை 280 டிகிரியில் வெற்றிடத்தில் நிற்கும். உள்ளே இருப்பது 200 டிகிரிக்குச் சற்று மேலேயே தானாகத் தீப்பற்றும் நீள்சங்கிலிப் பாரஃபின். அவசரத்தில் காற்றைத் திறந்து வெற்றிடத்தை உடைத்தால் தீப்பொறி தேவையே இல்லை. வெற்றிடம் நைட்ரஜனால் மட்டும் உடையும்படியும், குடுவை 150-க்குக் கீழே வராமல் வால்வு திறக்காதபடியும் பூட்டு வேண்டும். சில விலைப்பட்டியல்களில் இது 'விருப்பத் துணைக்கருவிகள்' பக்கத்தில் கிடக்கும். ஆர்டரில் கோபுரத்துக்கு முந்தைய வரியில் இதை எழுதுங்கள்.